தினசரி ஆங்கிலம் பேச: புத்தகமா, வகுப்பா, ஆப்பா?

பள்ளியில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் படித்து பாஸும் செய்துவிட்டு, வேலைக்கென்று பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ போய் இறங்கியதும், பக்கத்து சீட்காரர் கேட்கும் சாதாரணக் கேள்விக்குப் பதில் வராமல் திணறுபவர்கள் நம்மிடையே ஏராளம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் மட்டும் என்றில்லை, இங்கிலீஷ் மீடியத்தில் எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்து எழுதி வந்தவர்களுக்கும் இதே கதிதான். இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. புத்தகம் வாங்கவா, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேரவா, ஆப் போதுமா, யூடியூப் பார்த்தால் வந்துவிடுமா? தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும், கையில் பெரிய பணமும் இல்லை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால், இவர்களிடம் எது குறைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் "எனக்கு வொக்காபுலரி பத்தாது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், உடனே தினம் பத்து வார்த்தை என்று நோட்டுப் போட்டு எழுதத் தொடங்குகிறார்கள். 2013-ல் சார்ல்ஸ் பிரவுனும் இன்னும் இருவரும் சேர்ந்து "நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்" என்று ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார்கள். சுமார் 2,800 சொற்கள். அவை தெரிந்தாலே பொதுவான ஆங்கில எழுத்தில் பத்துக்கு ஒன்பது சொல் பழகியதாக இருக்கும். (இதற்கு முன்னோடியான பட்டியலை 1953-ல் தொகுத்த மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டை நேரில் பார்த்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.) பேச்சுக்கென்று பிரவுன் குழு தனியாக எடுத்த பட்டியல் இன்னும் சின்னது, வெறும் 721 சொற்கள். சாதாரணப் பேச்சில் ஏறக்குறைய 90 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எடுத்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த எவருக்கும் அதில் முக்கால்வாசிக்கு மேல் அர்த்தம் தெரிந்திருக்கும்.

அப்படியென்றால் ஏன் பேச வரவில்லை? அந்தச் சின்னச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும்போது என்ன ஆகின்றன என்பதை யாரும் நமக்குப் பழக்கவில்லை. "கெட்" என்ற சொல் ஆறாம் வகுப்பிலேயே தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கினால் "கெட் ஆஃப்", காரிலிருந்து இறங்கினால் "கெட் அவுட்", காய்ச்சலிலிருந்தோ கவலையிலிருந்தோ மீண்டு வந்தால் "கெட் ஓவர்", ஒருவரோடு ஒத்துப்போனால் "கெட் அலாங்" என்பதெல்லாம் எந்த வகுப்பில் வந்தது? "இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தமிழில் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். அதையே ஆங்கிலத்தில் சொல்லப் போகும்போது "ஐ வில் சீ அண்ட் டெல்" என்று சொல் சொல்லாக அடுக்குகிறோம், அடுக்கி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். ஆங்கிலம் பேசுபவர் "லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ" என்று முழுசாக ஒரே மூச்சில் எடுத்து வைக்கிறார். 1993-லேயே மைக்கேல் லூயிஸ் என்ற ஆங்கிலக் கல்வியாளர் இதைத்தான் வலியுறுத்தினார். மொழி தனிச்சொல்லும் இலக்கணமுமாக நம் தலைக்குள் இருப்பதில்லை, பெரும்பகுதி இப்படித் தயாரான துண்டுகளாகத்தான் இருக்கிறது என்றார். ஆக, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் பார்ப்பது மூன்று விஷயம். தயாரான சொற்றொடர்கள் கிடைக்கின்றனவா, காதுக்குப் பழக்கம் கிடைக்கிறதா, வாய் திறந்து பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் புத்தகம். பஸ் ஸ்டாண்ட் கடையிலிருந்து புத்தகக் கண்காட்சி வரை எங்கும் கிடைக்கும் "இத்தனை நாளில் ஆங்கிலம்" வகைப் புத்தகங்களைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், நான் ஒதுக்கமாட்டேன். வங்கியில், டாக்டரிடம், ரயில் நிலையத்தில் என்று சூழ்நிலை வாரியாக முழு வாக்கியங்கள் இருக்கும், பக்கத்திலேயே தமிழ் அர்த்தம் இருக்கும், விலையும் குறைவு. நான் மேலே சொன்ன தயாரான துண்டுகள் இதில் நிறையக் கிடைக்கும், இதை மறுக்க முடியாது. பிரச்சினை உச்சரிப்பில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்டிருப்பார்கள். "பேக்" என்று எழுதியிருந்தால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி, தமிழ் எழுத்தில் ஒரே வடிவம். அதைவிடப் பெரிய குறை, ஒரு சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது தமிழ் எழுத்தில் தெரியவே தெரியாது. நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தி மற்றதை விழுங்கிவிடுவார்கள். இடம் மாறி அழுத்தினால் சொல் சரியாக இருந்தாலும் கேட்பவருக்குப் புரியாது. அதனால் புத்தகம் வாங்குங்கள், வாக்கியத்தை மட்டும் அதிலிருந்து எடுங்கள், ஒலியை வேறு இடத்தில் கேளுங்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் ஒலியாகவே இருக்கிறது, காசு கிடையாது.

தினம் பத்து வார்த்தை நோட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் உழைப்பு வீணாவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இன்று பழங்கள், நாளை மிருகங்கள், மறுநாள் காய்கறிகள் என்று ஒரே இனத்துச் சொற்களை மொத்தமாக எழுதிப் படிப்பதுதான் வழக்கம். 1990-களில் தாமஸ் டிங்கம் என்பவர் செய்த சோதனைகளில் இப்படி ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்கள்தான் அதிகம் குழம்பினார்கள். நம் அனுபவமும் அதுதான். "பாரோ", "லெண்ட்" இரண்டையும் ஒரே நாளில் படித்தவருக்கு எது கடன் வாங்குவது, எது கொடுப்பது என்று கடைசி வரைக்கும் சந்தேகம். "ட்யூஸ்டே", "தர்ஸ்டே" குழப்பமும் அதே ரகம். ஒன்றை முதலில் நன்றாகப் பழகிவிட்டு, இன்னொன்றை ஒரு மாதம் கழித்துத் தொட்டால் இந்தத் தொல்லையே வராது.

சரி, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். இதற்குத்தான் அதிகம் செலவாகும், இதில்தான் அதிகம் ஏமாற்றமும் வரும். ஆனால் நல்ல வகுப்பு அமைந்தால் இதற்கு இணை வேறு எதுவும் இல்லை என்றும் நம்புகிறேன், ஏனென்றால் நாலு பேர் முன்னால் தப்பாகப் பேசியும் உலகம் இடிந்து விழவில்லை என்பதை ஒருவர் உடம்போடு உணர்வது அங்கேதான். நம் ஊரில் ஆங்கிலத்தில் தப்பு செய்வதை ஒரு அவமானமாகவே வளர்த்து வைத்திருக்கிறோம், அந்தக் கூச்சம் தனியாக உட்கார்ந்து ஆப் பார்ப்பதால் போகாது. நல்ல வகுப்பா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? டெமோ கிளாஸில் ஆசிரியர் எவ்வளவு பிரமாதமாகப் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். அவர் பேசப் பேச உங்கள் நேரம் குறைகிறது. ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் 25 பேர் என்றால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு இரண்டரை நிமிஷம்கூட வராது. எட்டுப் பேருக்குள் இருந்தால் நல்லது, அல்லது பெரிய வகுப்பாக இருந்தாலும் இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பேசவிடுகிறார்களா என்று பாருங்கள். அப்புறம், முதல் ஒரு மாதம் பன்னிரண்டு டென்ஸையும் போர்டில் எழுதிப்போட்டு நோட்டில் ஏற்றச் சொல்கிறார்கள் என்றால் அது பள்ளிப் பாடத்தின் மறுபதிப்பு, அதற்கு ஃபீஸ் கட்ட வேண்டாம். சென்னையில் அண்ணா சாலையில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சில் மாதிரி இடங்களில் முதலிலேயே லெவல் டெஸ்ட் வைத்துப் பிரிக்கிறார்கள், கட்டணம் தெருமுனை சென்டரைவிட நிறையவே அதிகம். பணம் இருந்தால் போகலாம். சர்ட்டிபிகேட்டுக்காக எந்த வகுப்பிலும் சேராதீர்கள், பேச்சு வரவில்லை என்றால் அந்தக் காகிதத்தை எந்த மேனேஜரும் மதிக்கப்போவதில்லை.

ஆப் விஷயத்துக்கு வருவோம். டுவோலிங்கோ போன்றவை பழக்கத்தை உண்டாக்குவதில் கெட்டிக்காரத்தனமானவை, தினமும் தொடரச் சொல்லி நினைவூட்டும், ஒரு நாள் விட்டுப்போனால் நமக்கே வருத்தமாக இருக்கும். அதற்கான பாராட்டு அவர்களுக்கு உரியது. ஆனால் இந்த வகை ஆப்களில் பெரும்பாலான பயிற்சி திரையில் கிடக்கும் சொற்கட்டங்களைத் தட்டி வாக்கியம் அமைப்பது. கண் முன்னால் இருப்பதை அடையாளம் கண்டு தட்டுவது ஒரு திறமை, ஒன்றுமே இல்லாத இடத்தில் வாக்கியத்தை வாயில் கொண்டுவருவது முற்றிலும் வேறு திறமை. முதலாவது எவ்வளவு வளர்ந்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

எனக்குப் பிடித்தது அழகே இல்லாத ஒரு ஆப், அங்கி. 2006-ல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் உருவாக்கியது. ஆண்ட்ராய்டில் அங்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம், ஐஃபோனில் காசு கேட்கும். இதன் பின்னால் உள்ள யோசனை ரொம்பப் பழையது. படித்தது நாளாக ஆக எப்படி மறக்கிறது என்பதை ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். மறக்கும் தறுவாயில் மீண்டும் பார்த்தால் அது இன்னும் நாள் நிற்கும் என்பதை வைத்து செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கிப் படிக்கும் முறையைச் சொன்னார். அங்கி அதைக் கம்ப்யூட்டர் கணக்காக்கியது, அவ்வளவுதான். தெரிந்த அட்டையைப் பல நாள் கழித்துக் காட்டும், தடுமாறியதைச் சீக்கிரமே காட்டும். இதில் யாரோ செய்து வைத்த அட்டைகளை இறக்கிப் படிப்பதில் பெரிய பலன் இல்லை. நீங்களே செய்யுங்கள். முன்பக்கம் தமிழில் உங்கள் நாளில் வந்த ஒரு சூழ்நிலை, உதாரணத்துக்கு "ஃபோன் சரியா கேட்கல, திரும்பச் சொல்லச் சொல்லணும்". பின்பக்கம் "சாரி, ஐ டிடிண்ட் கேட்ச் தட், குட் யூ ஸே இட் அகெய்ன்?" என்ற முழு வாக்கியம், ஒலியோடு. அட்டை வரும்போது திரையைத் திருப்பும் முன் சத்தமாகச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் கணக்கில் வராது. நாளுக்கு மூன்று அட்டை போதும்.

யூடியூபில் தமிழிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், சிலர் உண்மையிலேயே நல்ல ஆசிரியர்கள். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தேடிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அரை மணி நேரம் பார்த்து முடிக்கும்போது நிறையக் கற்றுக்கொண்ட நிறைவு வரும், வாய் ஒரு தடவைகூடத் திறந்திருக்காது. குறிப்பாக "வெரி குட் என்று சொல்லாதே, இதைச் சொல்" என்று கனமான சொற்களை அள்ளித்தரும் குட்டி வீடியோக்களை விட்டுவிடுங்கள். "வெரி குட்" தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலம் பேசும் எல்லோரும் சொல்கிறார்கள்.

காதுக்கு என்ன செய்வது? பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் 1943-லிருந்து நடந்து வருகிறது. அதில் "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்" என்ற நிகழ்ச்சி இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வடிவில் இருக்கும், பேசியது முழுக்க எழுத்திலும் கிடைக்கும், இலவசம். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பது, பிறகு பார்த்துக்கொண்டே கேட்பது, அதற்குப் பிறகு இரண்டு நிமிஷப் பகுதியை மட்டும் அவர்கள் கூடவே, அவர்கள் வேகத்திலேயே சொல்லிப் பார்ப்பது. இந்த மூன்றாவது வேலையைச் செய்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் பேச்சின் ஓட்டமே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எளிய ஆங்கிலம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் "ஸ்பெஷல் இங்கிலீஷ்" என்று ஆரம்பித்தபோது சுமார் 1,500 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, நிதானமாக வாசித்து, உலகச் செய்தி அத்தனையும் சொன்னது. போரும் தேர்தலும் விஞ்ஞானமும் அந்த 1,500-க்குள் அடங்கின என்றால் நம் ஆபீஸ் பேச்சு அடங்காதா? இன்னொன்று, பெங்களூரில் உங்களிடம் பேசப்போவது லண்டன்காரர் இல்லை, கன்னடர், மலையாளி, வங்காளி. அவர்களுடைய ஆங்கிலம் காதில் விழ வேண்டும். ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி தெளிவாக இருக்கும், பேச்சு வழக்கு அதில் கிடைக்காது என்றாலும் காது பழக அது நல்ல தொடக்கம்.

கடைசியாகப் பேச்சுத் துணை. நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதைத்தான். இதே தேவை உள்ள ஒரு நண்பரோடு தினமும் இரவு கால் மணி நேரம் ஃபோனில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது, இடையில் தமிழ் வந்தால் பரவாயில்லை, மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டும். "ரெண்டு பேருக்கும் தெரியாதே, தப்பையே பழகிக்கொள்ள மாட்டோமா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் பழகத்தான் செய்யும். ஆனால் தயங்காமல் தப்பாகப் பேசுபவரைத் திருத்துவது சுலபம், பேசவே செய்யாதவரிடம் திருத்த என்ன இருக்கிறது? அந்தந்த வாரம் இருவருக்கும் முட்டிய இடங்களைக் குறித்து வைத்து யூடியூபிலோ புத்தகத்திலோ சரிபார்த்துக்கொண்டால் போதும்.

அப்படி ஆள் கிடைக்காதவர்களுக்கும், மனிதர்கள் முன்னால் வாயே வராதவர்களுக்கும், 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. குரலிலேயே பேசலாம், நள்ளிரவிலும் பேசலாம், முகம் சுளிக்காது. கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி, மனதார வரவேற்கிறேன். ஆனால் அது ரொம்பவே பொறுமைசாலி, பாதித் தமிழில் சொன்னாலும் புரிந்துகொண்டு "மிக அருமை" என்று மேலே போய்விடும். அதனால் முதலிலேயே கட்டளை கொடுத்துவிட வேண்டும். "நீ ஆஸ்பத்திரி ரிசப்ஷனிஸ்ட், நான் அப்பாயின்ட்மென்ட் மாற்றப் பேசுகிறேன், என் வாக்கியம் இயல்பாக இல்லை என்றால் நிறுத்தித் திருத்து, நான் திரும்பச் சொன்ன பிறகுதான் மேலே போ" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" மாதிரி இடங்களைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள். நம்மவர்கள் மரியாதையாக "யெஸ்" என்று பதில் சொல்லிவிடுவார்கள், அதற்கு "ஆட்சேபணை உண்டு, உட்காராதே" என்று அர்த்தம். "நோ, ப்ளீஸ்" என்பதுதான் உட்காரச் சொல்வது. இப்படிப்பட்ட இடங்கள் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், இரண்டு தடவை பேசிப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, வேலைக்குப் போகும் இளைஞருக்கு என் தேர்வு: பேச்சுத் துணைக்குக் கால் மணி நேரம், அங்கிக்கு ஐந்து நிமிஷம், மீதி பத்து நிமிஷம் பிபிசி. செலவு பூஜ்யம். மூன்று மாதம் இதைச் செய்தும் ஆபீஸில் வாய் வரவில்லை என்றால் அப்போது சின்ன பேட்ச் உள்ள வகுப்பில் சேரலாம், அந்த நேரத்தில் உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், ஃபீஸுக்குப் பலன் கிடைக்கும்.

பிள்ளையின் இங்கிலீஷ் மீடியம் பள்ளியோடு மல்லுக்கட்டும் அம்மாக்களுக்கு வரிசை வேறு. பள்ளி வாட்ஸ்அப்பில் வரும் சர்க்குலர்தான் பாடப்புத்தகம். அதில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் தொடர்கள்தான், அவற்றை அட்டையாக்கிக்கொண்டால் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் பேசுவது தானாகப் புரியத் தொடங்கும். கூகுளின் ரீட் அலாங் ஆப், 2019-ல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது, குழந்தை சத்தமாகப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும். பிள்ளையோடு சேர்ந்து அம்மாவும் படிக்கலாம், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஆறு மாதம் வெளிநாடு போகும் பெற்றோருக்கு மட்டும் நான் பழைய முறைப் புத்தகத்தைத்தான் சொல்வேன், ஆப்பும் வேண்டாம் வகுப்பும் வேண்டாம். அவர்களுக்குத் தேவைப்படும் இடங்கள் எண்ணிவிடக்கூடியவை: விமான நிலையம், இமிக்ரேஷன் கவுண்டர், கடை, பக்கத்து வீட்டுக்காரர், டாக்டர். "வாட் இஸ் தி பர்ப்பஸ் ஆஃப் யுவர் விசிட்?", "ஹவ் லாங் வில் யூ ஸ்டே?", "வேர் ஆர் யூ ஸ்டேயிங்?", ஊறுகாய் மூட்டைக்காக "ஆர் யூ கேரியிங் எனி ஃபுட்?" இவைதான் பெரும்பாலும் வரும் கேள்விகள். பெற்றோர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பிள்ளைகள் தினமும் ஃபோனில் அதிகாரி மாதிரி இவற்றைக் கேட்டுப் பழக்க வேண்டும், ஒரே வரிசையில் கேட்காமல் மாற்றி மாற்றி, கொஞ்சம் வேகமாகவும் கேட்க வேண்டும். தங்கப்போகும் முகவரி, ரிட்டர்ன் டிக்கெட் தேதி, மருந்துகளின் பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் அச்செடுத்துக் கைப்பையில் வைத்துவிடுங்கள். கேள்வி புரியாத இடத்தில் "டமில் இன்டர்ப்ரட்டர், ப்ளீஸ்" என்று தயங்காமல் கேட்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.